மணி மாறும்போது தடுமாறும் கடிகாரம்: சர்வீஸ் அறிக்கை மீது புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜம்பிங் ஹவர், ரெட்ரோகிரேட் நிமிட முள் கொண்ட கைக்கடிகாரம் கோளாறு நீங்காமல் திருப்பி அனுப்பப்பட்டது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த கடிகாரத்தில், மணி மாறும் நேரம் நெருங்கும்போது ஓட்டம் வலுவிழப்பதும் சில எண்கள் பாதியில் நிற்பதுமான பழைய கோளாறு அப்படியே இருக்கிறது. உடன் வந்த டைம்கிராஃபர் (கடிகார ஓட்டத்தை அளக்கும் கருவி) அறிக்கையில் நாளுக்கு +4 விநாடி, வீச்சு (பேலன்ஸ் சக்கரம் ஊசலாடும் கோணம்) 285 டிகிரி, பீட் எரர் (இருபக்க ஊசலின் நேர வித்தியாசம்) 0.2 மில்லிவிநாடி, குறை ஏதுமில்லை என்று இருக்கிறது. இந்த எண்களை நான் மறுக்கவில்லை. எந்த நிமிடத்தில் அளந்தீர்கள் என்பதில்தான் தவறு.

இந்தக் கடிகாரத்தில் மணி முள் கிடையாது. 12 எண்கள் அச்சிட்ட தட்டு, டயல் ஜன்னலுக்குக் கீழே மணிக்கு ஒருமுறை 30 டிகிரி தாவுகிறது. நிமிட முள் அரைவட்டத்தில் 60 வரை போய், சட்டென்று 0-வுக்குத் திரும்புகிறது. இரண்டுக்கும் விசை தருவது சாவி கொடுக்கும்போது இறுகும் ஒரே மெயின்ஸ்பிரிங். நிமிட முள்ளை நகர்த்தும் நத்தை வடிவ கேம் (விளிம்பு சுருளாக உயரும் சக்கரம்) சுற்றச் சுற்ற, முள்ளைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் இறுகிக்கொண்டே போகிறது. கடைசி நிமிடங்களில் மணித் தட்டின் நட்சத்திரச் சக்கரத்தைத் தள்ளும் வேலையும் சேர்கிறது. அதனால் மணி மாறிய உடனே சுமை மிகக் குறைவு. 55-ஆம் நிமிடத்துக்குப் பின் உச்சம். சுமை கூடக் கூட வீச்சு குறையும். சுமை குறைந்த நேரத்தில் அளந்தால் இந்த வகைக் கடிகாரம் எதுவும் நன்றாகத்தான் தெரியும்.

முழுச் சாவி கொடுத்து, டயலை மேல்நோக்கி வைத்து நான் அளந்தபோது 5-ஆம் நிமிடத்தில் 284 டிகிரி, 45-இல் 251, 58-இல் 208. எண் தாவியதும் மறுபடி 280-ஐத் தாண்டுகிறது. சாவி கொடுத்து 24 மணி நேரம் ஆனபின் 58-ஆம் நிமிடத்தில் 170-க்கும் கீழே இறங்குகிறது. கிரவுன் (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு) கீழ்நோக்கி இருந்தால் சில நேரம் நின்றே போகிறது. கடிகார வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை நகர்த்தி நாளின் சராசரியைச் சரிசெய்திருக்கிறீர்கள். அது இந்த இறக்கத்தைத் தொடவே இல்லை.

அதைவிட மோசமானது 7, 8, 9 ஆகிய எண்களில் நடப்பது. நிமிட முள் 0-வுக்கு வந்துவிடுகிறது, தட்டு பாதியில் நின்றுவிடுகிறது. ஜன்னலில் இரண்டு எண்களும் அரைகுறையாகத் தெரிகின்றன. பார்ப்பவர் நேரத்தை ஒரு மணி நேரம் தவறாகப் படிக்க வாய்ப்பிருக்கிறது. கடைசி நிமிடங்களில் எண் மெல்ல நகர்வது இந்த அமைப்பின் இயல்பு, அதில் எனக்குப் புகார் இல்லை. முதல் 15 டிகிரி வரை பல்சக்கரங்கள் தள்ளுகின்றன. மீதி 15 டிகிரியை, நட்சத்திரச் சக்கரத்தின் பற்களை அழுத்திப் பிடிக்கும் ஜம்பர் ஸ்பிரிங் தானே முடிக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதியில்தான் தட்டு சிக்குகிறது. ஜம்பர் மட்டுமே பலவீனம் என்றால் 12 எண்களிலும் சிக்கும். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்த்தால் 7 முதல் 9 வரை அச்சிட்ட எண்களின் மேல் மெல்லிய வளைந்த கீறல் இருக்கிறது. தட்டு அந்தப் பக்கம் சற்று மேலே வளைந்து, ஜன்னல் விளிம்பின் உட்பக்கப் பிசிறில் உரசுகிறது என்பதே என் கணிப்பு. இதற்காக ஜம்பரை மட்டும் இறுக்கிவிட வேண்டாம். வீச்சு இன்னும் விழும். தளர்த்தினாலோ ஒரே தாவலில் இரண்டு எண்கள் ஓடிவிடக்கூடும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. எண் தட்டுகளால் நேரம் காட்டும் அமைப்புக்கு ஆஸ்திரியப் பொறியாளர் ஜோசப் பால்வெபர் 1883-இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே, தட்டை நகர்த்த விசை எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. 2009-இல் வந்த ஏ. லாங்கே உண்ட் ஸோனெ நிறுவனத்தின் ட்ஸைட்வெர்க் கடிகாரம் இதற்கென்றே ரெமாண்ட்வார் (விசையைச் சேர்த்து வைத்துச் சீராகத் தரும் துணை ஸ்பிரிங் அமைப்பு) வைத்தது. நீங்கள் அப்படி எதுவும் இல்லாமல் ஒரே பேரலில் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளையில்) செய்திருக்கிறீர்கள். அது துணிச்சலான வடிவமைப்பு, அதற்காகவே வாங்கினேன். ஆனால் அதில் ஸ்பிரிங் விசையும் தட்டின் எடையும் நூலளவு பிசகக் கூடாது.

ஆகவே கேட்பது இவை. தட்டைக் கழற்றிச் சமதளம் பாருங்கள், ஜன்னல் விளிம்பின் பிசிறை நீக்குங்கள், கீறல் விழுந்த தட்டை மாற்றுங்கள். நிமிட முள்ளின் இழுப்பு ஸ்பிரிங்கை, கிரவுன் கீழ்நோக்கிய நிலையிலும் முள் 0-வைத் தொடும் அளவுக்கு மட்டும் வைத்து, மிச்ச இறுக்கத்தைக் குறையுங்கள். பிறகு கடிகாரத்தை வைக்கும் ஆறு நிலைகளிலும், முழுச் சாவியிலும் 24 மணி நேரத்துக்குப் பின்னும், 55 முதல் 59-ஆம் நிமிடத்துக்குள் வீச்சை அளந்து அந்தத் தாளை அனுப்புங்கள். 12 எண்களும் தாவுவதை ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறிக்க வேண்டும்.

இன்னொன்று: நேரத்தை இரு திசையிலும் திருப்பலாம் என்று கையேடு சொல்கிறது. பின்னோக்கித் திருப்பும்போது 0-வைக் கடந்தால், கேமின் செங்குத்துப் படியில், அதைத் தொட்டு நிமிட முள்ளை நகர்த்தும் நெம்புகோலின் மூக்கு மோதுவது கையில் தெரிகிறது. அதற்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் கையேட்டைத் திருத்துங்கள், அந்த மூக்கில் தேய்மானம் உண்டா என்றும் பாருங்கள்.

இவற்றைச் செய்ய முடியாதென்றால் உத்தரவாதத்தின்படி வேறு கடிகாரமோ முழுத் தொகையோ தர வேண்டும். மறுபடியும் 285 டிகிரி என்ற ஒற்றை எண்ணுடன் வரும் அறிக்கையை ஏற்க மாட்டேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: 5, 45, 58-ஆம் நிமிட அளவீட்டுத் தாள்கள், கீறலின் புகைப்படம், தட்டு பாதியில் நிற்கும் வீடியோ.