முடங்கிப்போன நாற்று பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

எதற்கு இந்த மடல் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஆடிப்பட்டத்துக்கு எங்களிடம் வாங்கிய மிளகாய், கத்தரி நாற்று சில வயல்களில் வளராமல் நின்றுவிட்டது. உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது: "அந்த நர்சரியில் ஹார்மோன் டானிக் அடித்துத் தளதளவென்று காட்டுகிறார்கள், வயலுக்குப் போனதும் முடங்கிவிடுகிறது." நாற்று சரியில்லை என்றால்கூடப் பரவாயில்லை, ஏமாற்றுகிறோம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டில் நாங்கள் போடுவது மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் நிழல்வலைக்குள் வந்து பாருங்கள்.

புகார் வந்த வயல்களுக்கு நேரில் போனோம். ஒரே தட்டு நாற்று வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பூ விட்டிருக்கிறது, அந்தப் பக்கம் ஒரு சாண்கூட ஏறவில்லை. ஏறாத பக்கம் தைல மரச் சருகை மூடாக்காகப் போட்டிருந்தார்கள். இன்னொரு வயலில் பூத்த பார்த்தீனியத்தைப் பிடுங்கி அப்படியே செடியடியில் பரப்பியிருந்தார்கள். நாற்றைப் பிடுங்கினால் வேர் நுனி பழுப்பேறிக் கட்டையாக இருந்தது, பக்க வேரே இல்லை.

செடிக்குச் செடி விஷம் வைப்பது உண்டு. 1937-இல் ஹான்ஸ் மோலிஷ் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இதற்கு அல்லிலோபதி என்று பேர் வைத்தார். பார்த்தீனியத்தில் பார்த்தீனின் என்ற நஞ்சு இருக்கிறது. அதோடு ஃபெருலிக், கூமாரிக் போன்ற பீனாலிக் அமிலங்களும் உண்டு. தைல இலையிலும் பீனாலிக் அமிலங்கள் உண்டு, எண்ணெயில் சினியோல் என்ற வாசனைப் பொருள் வேறு. மழையிலோ பாசனத்திலோ கரைந்து இவை வேருக்குப் போகின்றன.

ஹார்மோன் கதை இங்கேதான் வருகிறது, நர்சரியில் இல்லை. வேரும் தண்டும் நீள்வதற்கு ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேண்டும். அதைச் சிதைக்கும் நொதி ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது. கூமாரிக் அமிலம் அந்த நொதியை முடுக்கிவிடும். போதாக்குறைக்கு வேர் தண்ணீர் இழுப்பதும் குறையும். செடி வறட்சி என்று நினைத்து அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைக் கூட்டும், இலைத்துளைகள் மூடும், வளர்ச்சி நிற்கும். ஈரம் இருந்தும் மதியத்தில் வாடுகிறதே என்று கேட்டீர்களே, அது இப்படித்தான். பார்த்தீனிய மகரந்தம் தக்காளி, மிளகாய், கத்தரிப் பூவின் சூல்முடியில் விழுந்தால் காய்ப்பிடிப்பும் குறையும். வரப்பில் நிற்பதையும் விடாதீர்கள்.

தைல மரத்தடியில் தண்ணீர்ப் பற்றாக்குறையும் நிழலும் சேர்ந்தே படுத்தும், எல்லாப் பழியையும் நஞ்சின் மேல் போட மாட்டோம். ஆனால் சருகை அள்ளிவந்து போட்ட வயலில் நிழல் ஏது? பச்சைத் தென்னைநார்க் கழிவிலும் இதே வகை பீனால்கள் உண்டு. மக்காததை நாங்கள் தட்டில் போடாததற்கு அதுதான் காரணம்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். சருகை ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து முள்ளங்கி விதை போட்டு, ஒன்றுக்குச் சருகுத் தண்ணீர், மற்றதற்கு நல்ல தண்ணீர் தெளித்து வாருங்கள். அப்புறம் வேரை அளந்து பார்த்துப் பேசலாம்.

சருகை நன்றாக மக்கவைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் இந்த அமிலங்களைத் தின்றுவிடும், பயம் இல்லை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கி மக்கவிடுங்கள். அதுவரை வைக்கோல் மூடாக்குப் போதும். சோளம் அறுத்த நிலத்திலும் உடனே நடாதீர்கள். சோள வேர்த்தூவி சோர்கோலியோன் என்ற எண்ணெயைக் கசியவிடும், அது முளைக்கும் சிறு செடியை அமுக்கும்.

அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகும் "நீ கொடு தம்பி, நான் நடுகிறேன்" என்று தட்டைத் தூக்கிப்போனவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடை இன்னும் திறந்திருப்பது உங்களால்தான்.

முடங்கிய நாற்றுக்கு இலவசமாக மாற்று கொடுத்துவந்தது ஐப்பசி முதல் பாதி விலைக்கு என்று மாறுகிறது. நார்க்கழிவு விலையும் கூலியும் உங்களுக்குத் தெரியும். கார்த்திகைப் பட்டத்துக்கு நாற்று வேண்டுவோர் இப்போதே சொல்லிவையுங்கள், வரும்போது காலித் தட்டுகளைக் கழுவிக் கொண்டுவாருங்கள்.