செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பானுமதி நூற்றாண்டும் மன்றப் பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் பழைய திரைப்பட ரசிகர் மன்றத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

சனவரியில் பொங்கல் ஒன்றுகூடல், ஏப்ரலில் சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாவையொட்டிப் பாடல் வினாடி வினா, அக்டோபரில் தீபாவளி விருந்து ஆகியவை வழக்கம்போல் நடந்தன. செயலவைக் கூட்டங்கள் சிலவற்றில் கோரம் (வேண்டிய குறைந்தபட்ச வருகை) சேராததால் முடிவுகளைத் தள்ளிப்போட நேர்ந்தது.

ஆண்டின் பெரும்பணி, செப்டம்பர் 7ஆம் தேதி நூற்றாண்டு நிறைந்த பழம்பெரும் நடிகை பானுமதி இராமகிருஷ்ணாவுக்காகச் சமூக மன்றத்தில் நாம் நடத்திய கண்காட்சியும், அவர் பாடல்களைப் பழைய தட்டுகளிலிருந்து ஒலிக்கவிட்ட ‘இசைத்தட்டு மாலை’ நிகழ்ச்சியும். எம்.ஜி.ஆர். பாடல் இரவு வைத்திருந்தால் அரங்கு நிரம்பியிருக்கும் என்று சில உறுப்பினர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ‘மலைக்கள்ளன்’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘மதுரை வீரன்’ படங்களின் நாயகியாக மட்டும் பானுமதியை அறிந்தவர்கள் அவரில் கால்வாசியைத்தான் அறிந்தவர்கள். மீதி முக்கால்வாசியை நம் மக்களுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் எண்ணம். அதனால் பலகைகளைப் படவாரியாக அடுக்காமல் தொழில்வாரியாக அடுக்கினோம்.

முதல் பலகை பாடகி நடிகை. 1939இல் தெலுங்கு ‘வரவிக்ரயம்’, 1948இல் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் ‘ராஜமுக்தி’. பின்னணிப் பாடகர்கள் வந்து நடிகைகள் வாயசைக்கத் தொடங்கிய பிறகும் தம் பாட்டைத் தாமே பாடியவர் அவர். இரண்டாம் பலகை தயாரிப்பும் இயக்கமும். கணவர் பி.எஸ். இராமகிருஷ்ண ராவுடன் மகன் பரணியின் பெயரில் படநிறுவனம், பின்னர் சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ. 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் தாமே இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். அப்போது அவருக்கு 27 வயது. பலரும் நெடுநேரம் நின்று படித்தது இந்தப் பலகையைத்தான். அந்தக் காலத்தில் ஒரு நடிகைக்குச் சொந்தமாகப் படப்பிடிப்புத் தளம் இருந்தது என்றால் என்ன பொருள் என்பதை இங்கே நின்றவர்கள் உணர்ந்தார்கள். ‘மிஸ்ஸியம்மா’வில் முதலில் நடித்துக்கொண்டிருந்தவர் அவர். தயாரிப்பாளர் சக்ரபாணியோடு ஏற்பட்ட பிணக்கில் விலகினார், அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. வேறு வாய்ப்பு கிடைக்குமா என்று அஞ்ச வேண்டிய நிலையில் பானுமதி இல்லை.

மூன்றாம் பலகையில் எழுத்தாளர். மாமியாரை மையமாக வைத்துத் தெலுங்கில் எழுதிய நகைச்சுவைக் கதைகள், சினிமா குறித்த சிறந்த நூலுக்கான தேசிய விருது பெற்ற தன்வரலாறு. நான்காவதில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி முதல்வர் பொறுப்பு. ‘ரங்கூன் ராதா’வுக்கும் ‘அன்னை’க்கும் தனி இடம் தந்தோம். அறிஞர் அண்ணா அவரை ‘நடிப்புக்கு இலக்கணம்’ என்றார். அது ஏன் என்று கேட்பவருக்கு அந்த இரண்டு படங்களே போதும்.

முழுப் படம் ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் திரையிட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரப்பாடும் (எந்த வயதினர் பார்க்கலாம் என்ற வகைப்பாடு) வேண்டும். பல பழைய படங்களின் உரிமை கைமாறிக் கைமாறி இன்று யாரிடம் இருக்கிறது என்பதே தெளிவில்லை. அதனால்தான் இசைத்தட்டு மாலை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளை இயக்க நாம் பின்பற்றிய முறையைப் பதிவுக்காக எழுதுகிறேன், அடுத்து வருபவருக்குப் பயன்படும். அவை அரக்கினால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரையும். எனவே காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்சோப்பு கலந்து, நடுவிலுள்ள பெயர்த்தாள் நனையாமல் துடைத்து, நிற்கவைத்து உலர்த்த வேண்டும். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசியை அதில் வைத்தால் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையுள்ள தனி ஊசி தேவை. நம்மிடமுள்ள இயந்திரத்தில் 78 சுற்று வேகம் இல்லை. ஆகவே 45இல் ஓடவிட்டுப் பதிந்து, கணினியில் 1.733 மடங்கு வேகப்படுத்தினோம். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், நீண்ட பாடல்கள் இரு பக்கமாகப் பிரிந்திருக்கும். அவற்றை ஒட்டும்போது தாளம் தவறாமல் பார்க்க வேண்டும்.

இணையத்தில் இருப்பதையே போட்டிருக்கலாமே என்றார் ஒருவர். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை 25ஆக ஓட்டி ஒளிநாடாவாக்கிய பிரதிகள் அங்கே நிறைய உண்டு. நான்கு விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ‘கண்ணிலே இருப்பதென்ன’ பாடலில் பானுமதியின் குரலுக்கே உரிய கனம் அதில் மெலிந்துபோகும். அந்தக் குரலைக் கேட்பிக்கத்தானே இவ்வளவு பாடு!

உறுப்பினர்கள் தந்த பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களில் ஒரு பகுதியை 600 டிபிஐ தெளிவில் வருடி (ஸ்கேன் செய்து) வைத்தோம். நம் ஊர் ஈரத்தில் அவற்றின் கம்பி முள் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். கம்பியை நீக்கி, அமிலமில்லா உறையிலிட்டு, ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டாமல் வைக்க வேண்டும். லேமினேட் செய்யவே கூடாது.

இவ்வளவையும் ஐந்தாறு பேரே செய்தோம் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பலகை தூக்கவும் வரவேற்பு மேசையில் உட்காரவும் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அன்று வரவில்லை, வர இயலாது என்ற தகவலும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படம் அனுப்புவது வருகையாகாது. பார்க்க வந்தவர்களில் உறுப்பினரைவிட வெளியார் அதிகம். அதில் இளையர்களும் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

வரவு செலவு விவரம் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளது. சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. கண்காட்சிச் செலவில் பெரும்பகுதி நன்கொடையால் ஈடாகிவிட்டது. குறைவுக்குக் காரணம் நிலுவைச் சந்தா. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும்.

இடம் தந்த சமூக மன்றத்திற்கும், பழைய ‘தமிழ் முரசு’ நாளிதழ் விளம்பரங்களைத் தேட உதவிய தேசிய நூலக ஊழியர்களுக்கும், இசைத்தட்டுகளை நம்பி ஒப்படைத்த குடும்பங்களுக்கும், கணக்காய்வாளர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பாட்டுப் புத்தகங்களுக்கு ஈரநீக்கப் பெட்டி ஒன்று வாங்கியாக வேண்டும். வருடும் வேலை பாதியில் நிற்கிறது. துணைச் செயலாளர் பதவிக்கு இதுவரை ஒரு வேட்புமனுவும் வரவில்லை. ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் இப்படியொரு கண்காட்சியை மறுபடி நடத்த முடியாது என்பதைச் செயலவை அறியும், பொதுக்கூட்டமும் அறிய வேண்டும். மனுப் படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன. நிலுவைச் சந்தாவை மார்ச் 31க்குள் பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாகவோ பொருளாளரிடம் நேரிலோ செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கிழிசலுக்கு டேப் ஒட்டாமல், இருக்கிற நிலையிலேயே கொண்டுவந்து கொடுங்கள்.

பணிவுடன்,
செயலாளர்