பின் போர்ஷன் தம்பியைப் பற்றி, வீட்டுக்கார அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நேரில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று எழுதுகிறேன். பின் போர்ஷன் தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். டிபி, அதாவது காசநோய், இருக்கிறதா என்று பார்க்க, சுகாதாரப் பணியாளர் வந்து சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்துவிட்டுப் போனார். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டீர்கள். தம்பியின் மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது, பொதுக்குழாயில் குடம் வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

வீட்டில் சின்னப் பேரன் இருக்கிறான். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் டிபி துணியிலும் குடத்திலும் ஒட்டிக்கொண்டு வராது. நோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அவரோடு நெடுநேரம் இருப்பவர்களுக்குத்தான் பரவும் வாய்ப்பு அதிகம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அவர் மாஸ்க் போடட்டும். அது நியாயமான எச்சரிக்கை.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே வழிகாட்டியது நம்ம சென்னைதான், அக்கா. சேத்துப்பட்டில் இருக்கிறதே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அது 1956-ல் ஒரு சின்ன சிகிச்சை மையமாகத் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியை ஓராண்டு சானடோரியத்தில், அதாவது காசநோய்க்கான தனி மருத்துவமனையில், வைத்தார்கள். மறு பாதிக்கு வீட்டிலேயே மருந்து. ஏழைக் குடும்பங்கள், நெருக்கடியான வீடுகள், சத்தான சாப்பாடும் கிடையாது. அப்படியிருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் வெளியிட்டார்கள். கூட இருந்தவர்களையும் ஐந்தாண்டு கவனித்தார்கள். நோயாளி வீட்டில் தங்கி மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கும் பழக்கம் உலகம் முழுக்க மாறியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. பரிசோதனைக்குப் போனாலே வீடு போய்விடும் என்று இப்போது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்து இருமல் வருகிறவர் மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பார். பேரனுக்கு ஆபத்து அப்படி மறைக்கிறவரிடமிருந்துதான், டப்பாவோடு தைரியமாகப் போன இந்தத் தம்பியிடமிருந்து இல்லை.

சரி, டிபி என்றே வந்தாலும் வழக்கமான வகைக்கு ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். வீடு தேடி அலைகிறவருக்குத்தான் மாத்திரை நடுவில் விட்டுப்போகும். விட்டுப்போனால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறக்கூடும். அதற்கு வைத்தியம் ரொம்பக் கடினம்.

முடிவு வந்ததும் நானும் உங்களோடு சுகாதார நிலையத்துக்கு வருகிறேன். பேரனுக்குப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுவோம். காலி செய்யச் சொன்னதை மட்டும் இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் அதை நீங்களே சொன்னால் நல்லது, அக்கா. யார் முகத்தையும் பார்க்கக் கூசி அவள் வெளியே வருவதே இல்லை.

அன்புடன்,
முன் போர்ஷனிலிருந்து