கூரை சரி, ராத்திரி ரயிலுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ரயில்வேயின் சூரிய மின்சாரம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்னை சென்ட்ரலின் 1.5 மெகாவாட் கூரை சோலாரைப் பாராட்டியிருந்தீர்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஸ்டேஷனில் லைட்டும் ஃபேனும் ஓடுவது ஒரு கணக்கு, ரயிலை இழுப்பது வேறு கணக்கு. ரயில்வே வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்ஜினுக்குத்தான் போகிறது.

இந்த விஷயத்தில் மத்தியப் பிரதேசத்து பீனாவைப் பற்றி எழுதியிருக்கலாம். ரயில்வேயின் சும்மா கிடந்த நிலத்தில் 1.7 மெகாவாட் சோலார் போட்டு, அதில் வரும் டிசி மின்சாரத்தை சிங்கிள் ஃபேஸ் ஏசியாக மாற்றி, 25 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, நேராக ரயில் ஓடும் லைனுக்கே கொடுக்கிற ஏற்பாடு அது, 2020-ல் வந்தது. நல்ல வேலை. ஆனால் அளவைப் பாருங்கள்: எக்ஸ்பிரஸ் இழுக்கும் ஒரு டபிள்யூஏபி-7 இன்ஜின் 6,000 குதிரைத்திறனுக்கு மேல், அதாவது சுமார் நாலரை மெகாவாட். உச்சி வெயிலில்கூட அந்த மொத்த சோலாரும் ஒரே ஒரு இன்ஜினின் முழு இழுப்புக்குக் காணாது!

காற்றாலையும் இருக்கிறது. ஜெய்சால்மரில் 26 மெகாவாட், நம் திருநெல்வேலிப் பக்கம், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப்-க்குச் சொந்தமாக 10.5 மெகாவாட். காற்றாலை அங்கே சுற்ற, யூனிட் பெரம்பூர் தொழிற்சாலையின் பில்லில் கழிகிறது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தால் அதுவும் படுத்துவிடும்.

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் பாதிக்கு மேல் பொழுது சாய்ந்த பிறகுதானே கிளம்புகின்றன, அந்த நேரத்துக்கு சோலார் என்ன செய்யும்? சுவிட்சர்லாந்து ரயில்வே இதை நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டது. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் திண்டாடியவர்கள், 1920-ல் ரிட்டோம் ஏரியில் சொந்தமாக நீர்மின் நிலையம் கட்டினார்கள், அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இன்று அங்கே ரயில் ஓட்டும் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீரிலிருந்துதான். அங்கே பல ஊர்களில் ஒரே நேரத்தில் ரயில்கள் கிளம்பும்படி அட்டவணை, அந்தச் சில நிமிடங்களில் லோடு குபீரென்று ஏறும். ஏரியில் தேக்கிய தண்ணீர் என்பதால் திறந்துவிட்டால் போதும்.

நம்மிடம் அவ்வளவு மலை ஏரி இல்லை என்பது தெரியும். ஆனால் கடம்பாறையில் மின்வாரியம் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் நடத்திக்கொண்டிருக்கிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்குகிற அந்த மாதிரித் திட்டத்தில் ரயில்வேயும் பங்கு போடலாமே? இல்லையென்றால் பெரிய சப்ஸ்டேஷன்களில் பேட்டரியாவது வைக்கலாம். கூரையில் இன்னும் நாலு பலகை போடுவதைவிட இதுதான் அவசரம்.

2030-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளியிடும் கரியமில வாயுவையும் ஈடுகட்டுவதையும் கழித்தால் பூஜ்ஜியம், என்கிறார்கள் ரயில்வேக்காரர்கள். வருஷக் கணக்கில் கூட்டிக் கழித்தால் எதையும் சரிக்கட்டிவிடலாம். அடுத்த முறை உங்கள் நிருபர் அதிகாரிகளைச் சந்தித்தால், எத்தனை மெகாவாட் நிறுவினீர்கள் என்று கேட்க வேண்டாம். மாலை 6-லிருந்து காலை 6 வரை ரயில் ஓடிய மின்சாரத்தில் எத்தனை யூனிட் உங்கள் சொந்தச் சூரியனிலும் காற்றிலும் வந்தது என்று கேட்டு, வரும் பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்