ஏழு நிமிடப் படமும் ஒரு அளவுநாடாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளில் கலை வரலாறு என்றால் ஓவியர் பெயர், ஆண்டு, பாணி என்ற மனப்பாடமாகச் சுருங்கிவிடுகிறது. இதற்கு நல்ல மாற்று அனிமேஷன் குறும்படங்கள். அமெரிக்க அனிமேஷன் கலைஞர் ஜோன் கிராட்ஸ் 1992-இல் எடுத்து ஆஸ்கர் பெற்ற ‘மோனா லிசா டிசெண்டிங் எ ஸ்டேர்கேஸ்’ ஏழே நிமிடம்தான். வண்ணக் களிமண்ணை விரலால் தேய்த்து, ஓர் ஓவியத்தைக் கரைத்து அடுத்ததாக மாற்றிக்கொண்டே போகிறார்.

ஆனால் போட்டுக் காட்டிவிட்டு மணியடித்ததும் கலைந்துவிடக் கூடாது. திரையில் எல்லா ஓவியங்களும் ஒரே அளவாகத் தெரியும். மோனா லிசா 77-க்கு 53 செ.மீ. மட்டுமே, படத்தின் தலைப்பில் ஒளிந்திருக்கும், ஓர் உருவம் படியிறங்குவதைக் காட்டும் பிரெஞ்சு ஓவியர் தூஷாம்பின் 1912 ஓவியம் (‘நியூட் டிசெண்டிங் எ ஸ்டேர்கேஸ்’) ஏறக்குறைய 147-க்கு 89. அளவுநாடா பிடித்து இரண்டையும் சாக்பீஸால் சுவரில் கட்டமிட்டுக் காட்ட வேண்டும். பிக்காசோவின் குவெர்னிக்காவுக்குச் சுவர் போதாது, மைதானத்துக்குத்தான் போக வேண்டும்: 3.5 மீட்டருக்கு 7.8 மீட்டர்.

இன்னொன்று, ஒன்று மற்றொன்றாக மாறுவதைப் பார்க்கும் பிள்ளைகள் அதிலிருந்துதான் இது பிறந்தது என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திப் போட்டு, ஆண்டைக் கரும்பலகையில் எழுதுவது அவசியம். தூஷாம்ப் உண்மையில் கடன்பட்டது, ஓர் அசைவின் படிகளை ஒரே தகட்டில் பதித்த பிரெஞ்சு அறிவியலாளர் மரேயின் புகைப்படங்களுக்கு.

பிறகு பிள்ளைகளே செய்யட்டும். எண்ணெய் சேர்ந்த மாடலிங் களிமண்ணே வேண்டும். குயவர் மண் காய்ந்து வெடிக்கும். மாடலிங் களிமண்ணைப் பலகையில் 3 மி.மீ. கனத்துக்குப் பரப்பி, மொபைலை அசையாமல் கட்டிவைத்து, நொடிக்கு 12 படம் எடுத்தால் 10 நொடிக்கு 120 படங்கள். மொபைல் கேமராவின் எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) மாறாமல் லாக் செய்யாவிட்டால் படம் மினுக்கும். ஜன்னல் வெளிச்சமும் மாறும். சாத்திவிட்டு ஒரே விளக்கில் எடுப்பது நல்லது. நிறம் மாற்றும்போதெல்லாம் விரலைத் துடைக்கவில்லையென்றால் பத்தாவது படத்திலேயே எல்லாம் சாம்பலாகிவிடும்.

மோனா லிசாவின் உதட்டோரத்துக்குக் கோடே கிடையாது, தேய்த்தால்தான் வரும். உருவத்தைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் பிக்காசோவின் கியூபிச முகத்துக்கோ கத்தியால் விளிம்பு வெட்ட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கை ஒருமுறை அறிந்துவிட்டால் பாடப்புத்தகத்தின் பாணிப் பெயர்கள் தாமே பொருள்படும்.

இத்தனையும் ஒரு பீரியடில் முடியாது. வாரம் ஒருமுறையாவது ஓவியத்துக்கு இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் ஒதுக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்