சங்க வெப் ஆப் டெஸ்டிங், ஞாயிறு காலை 10 மணி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சத்துவாச்சாரி தெரு சங்கத்துக்கு மெயின்டனன்ஸ் கட்டவும் தண்ணி லாரி சொல்லவும் வெப் ஆப் ரெடியாயிட்டிருக்கு, வர ஞாயிறு காலை 10லேர்ந்து 12க்குள்ள அவங்கவங்க போன்ல ஒவ்வொரு பேஜும் சரியா தெரியுதான்னு பாத்து சொல்லணும்.

1. போனை நேரா வச்சும் படுக்க வச்சும் பாருங்க. பக்கவாட்டுல தள்ளி படிக்கற மாதிரி இருக்கக்கூடாது, 320 பிக்சல் அகலத்துலயும் (சின்ன போன் ஸ்க்ரீன் அளவு) அடங்கணும்.
2. எழுத்து சைஸ 200% வைங்க. பெரியவங்க நிறைய பேர் எழுத்த பெருசாத்தான் வச்சிருக்காங்க, அதனால இதுதான் ரொம்ப முக்கியம், பணம் கட்டற பட்டன் மறைஞ்சா உடனே சொல்லுங்க.
3. ஓனருக்கு ஒரு பேஜ், வாடகைக்கு இருக்கறவங்களுக்கு வேற பேஜ். மாறி வந்தா சொல்லுங்க.
4. சொல்லும்போது ஸ்க்ரீன்ஷாட், போன் மாடல், பிரவுசர் பேரு மூணும் சேத்து அனுப்புங்க.

ஐபோன் சஃபாரில பாக்க ஆள் கம்மி, வச்சிருக்கறவங்க கட்டாயம் வாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இங்கயே பேர் போடுங்க ப்ளீஸ்.