பெல்ஸ் பாட்டி உஸ்ட்ஷிகிக்கு வந்த கதை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அறைத்தோழியின் பாட்டி பெல்ஸில் பிறந்த போலந்துக்காரர், வாழ்ந்ததெல்லாம் தென்கிழக்குப் போலந்தின் உஸ்ட்ஷிகி டோல்னே ஊரில், ஆனால் பெல்ஸ் இப்போது உக்ரைனில் இருக்கிறதே, எப்படி என்று கேட்டாயே. போனில் சொல்லி முடியாது, அதனால்தான் கடிதம்.

1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்டபோது சான் நதி எல்லையானது. அதன் கிழக்கே இருந்த உஸ்ட்ஷிகி சோவியத் கைக்குப் போனது. போர் முடிந்தும் திரும்பவில்லை. பெல்ஸ் மட்டும் போலந்திடம் இருந்தது. 1951 பிப்ரவரி 15 அன்று மாஸ்கோவில் இரு நாடுகளுக்கும் ஒரு கைமாற்று ஒப்பந்தம்: இந்தப் பக்கம் 480 சதுர கிலோமீட்டர், அந்தப் பக்கம் அதே அளவு. கணக்கு சரிதான். ஆனால் சோவியத் உக்ரைனுக்குப் போன பெல்ஸ் பக்கத்து நிலத்தின் அடியில் நிலக்கரி. போலந்துக்கு வந்த உஸ்ட்ஷிகி பக்கமோ மலை, காடு, வற்றத் தொடங்கிய எண்ணெய்க் கிணறுகள். ஸ்டாலினிடம் பேரம் பேச யாரால் முடியும்?

நிலத்தை மாற்றினார்கள், சரி. மனிதர்களையும் கிளப்பிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. உஸ்ட்ஷிகி பக்கத்து மலைக் கிராமங்களில் இருந்த பாய்கோ மக்கள் (கார்பாத்திய மலையில் வாழும் உக்ரைனிய மக்கள்) முப்பதாயிரம் பேருக்கு மேல். அவர்களைத் தெற்கு உக்ரைனில் ஒடெசா, கெர்சோன் பக்கத்துப் புல்வெளிக்கு அனுப்பினார்கள். மரமே இல்லாத சமவெளியில் மலைக்காரன் என்ன செய்வான்? அவர்கள் விட்டுப்போன வீடுகளில் பெல்ஸ்காரர்கள் குடியேறினார்கள், நல்ல விளைநிலத்தை விட்டுவிட்டுக் கல்லும் சரிவுமான இடத்துக்கு. கிரேக்க உள்நாட்டுப் போரில் தப்பி வந்தவர்களும் பக்கத்துக் க்ரோஷ்சியென்கோவில் குடியேறினார்கள்.

இப்படி ஆள் மாறிய மண்ணில்தான் 1952இல் உஸ்ட்ஷிகி மாவட்டம் பிறந்தது. அந்தப் பக்கத்து ஊரான லுட்டோவிஸ்காவுக்கு சோவியத் வைத்த ‘ஷெவ்சென்கோ’ என்ற பெயர்கூட 1957 வரை மாறவில்லை. ரயில் கதை இன்னும் வேடிக்கை. பழைய பாதை சோவியத் எல்லைக்குள் புகுந்து வெளியே வரும். அதனால் போலந்து நகரமான பிஷெமிஷலில் ஏறி உஸ்ட்ஷிகி போகிறவர் நடுவில் இன்னொரு நாட்டைக் கடந்தாக வேண்டியிருந்தது, காவலுக்கு சோவியத் வீரர்கள்!

மாவட்டம் இருபது வருடம்தான் நின்றது. 1972இல் பக்கத்து லெஸ்கோ மாவட்டத்தோடு சேர்த்து பியெஷ்சாடி மாவட்டம் ஆக்கி, தலைநகரையும் லெஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். 1975இல் நாடு முழுக்க மாவட்டங்களே ஒழிந்தன. 1999இல் அவை திரும்பி வந்தபோது பியெஷ்சாடி மாவட்டத்துக்கு உஸ்ட்ஷிகியே தலைநகர். அப்புறம் 2002இல் லெஸ்கோ தனியாகப் பிரிந்துகொண்டது.

அடுத்த மாதம் அங்கே போகிறாய் அல்லவா? பாட்டி அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தால், கிளம்பும்போது வண்டியில் எதையெல்லாம் ஏற்ற விட்டார்கள், மாடு கன்றுகளை என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுது. அவராக எடுத்தால் மட்டும். நீயாகத் துருவாதே.

அம்மா உன் குளிர்க் கோட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா